அகதீசியா என்றால் பதற்றம் அல்ல

மனநல மருந்துகளைப் பற்றிய தமிழ்க் குறிப்புகளில், ஆளை ஓரிடத்தில் உட்கார்ந்திருக்க விடாமல் எழுப்பி எழுப்பி நடக்கவைக்கும் அகதீசியா என்ற பக்கவிளைவு வரும் இடத்தில் ‘பதற்றம்’ என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். கொஞ்சம் கவனமானவர்கள் ‘அமைதியின்மை’ என்கிறார்கள். படித்துப் படித்துச் சலித்துவிட்டது. வேறு இடத்தில் ஒரு சொல் பிசகினால் நடை கெடும், அவ்வளவுதான். இங்கே பிசகினால் நோயாளிக்குக் கேடு.

சொல்லின் பிறப்பு எளிது. கிரேக்கத்தில் ‘அ’ என்பது இன்மை, ‘கதிசிஸ்’ என்பது உட்காருதல். 1901இல் செக் நரம்பியல் மருத்துவர் லாடிஸ்லாவ் ஹஷ்கோவெட்ஸ் இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதியபோது சூட்டிய பெயர். இந்தப் பக்கவிளைவைத் தரும் மனச்சிதைவு மருந்துகளில் முதலாவதான குளோர்புரோமசின் மனநோய்ச் சிகிச்சைக்கு வந்தது 1952இல். மருந்துக்கு அரை நூற்றாண்டு முன்பே பெயர் பிறந்துவிட்டது. மருந்துகள் பெருகிய பிறகுதான் அது அன்றாடம் தேவைப்படும் சொல்லானது.

இனி ‘பதற்றம்’ ஏன் ஆகாது என்று பார்ப்போம். ஹாலோபெரிடால் போன்ற மனச்சிதைவு மருந்தைத் தொடங்கிய சில நாட்களிலோ வாரங்களிலோ, அல்லது அளவைக் கூட்டியதும், ஒருவர் எழுகிறார், நடக்கிறார், உட்காருகிறார், மறுபடி எழுகிறார். நின்றால் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கிறார். உட்கார்ந்தால் காலை மடக்குகிறார், நீட்டுகிறார், உடம்பை முன்னும் பின்னும் ஆட்டுகிறார். உள்ளே ஏதோ பிடுங்கித் தின்பதுபோல் இருக்கிறது என்பார். இதைப் பதற்றம் என்று பெயரிட்ட உடனேயே காரணம் நோயாளியின் மனத்தில் இருப்பதாக ஆகிவிடுகிறது. ‘நோய் முற்றுகிறது’ என்று வீட்டார் நினைக்கிறார்கள். மருத்துவரிடம் போய் ‘பதற்றம் அதிகமாகிவிட்டது’ என்கிறார்கள். கேட்பவரும் அதை நோயின் குறியாக எடுத்துக்கொண்டால், எந்த மருந்தால் தொல்லை வந்ததோ அதே மருந்தின் அளவு கூடும். தொல்லையும் கூடும். தற்கொலை எண்ணத்தோடு அகதீசியாவுக்குத் தொடர்பு உண்டு என்று மருத்துவ நூல்கள் எச்சரிக்கின்றன. அந்த எச்சரிக்கை ‘பதற்றம்’ என்ற ஒரே சொல்லுக்குள் புதைந்துபோகிறது.

மனநோயே இல்லாதவருக்கும் இது வரும். வாந்தியை நிறுத்தத் தரும் மெட்டோகுளோப்ரமைடும் இதைச் செய்யும். மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளும் செய்யும். வாந்திக்கு ஊசி போட்டுக்கொண்டு எழுந்து எழுந்து நடப்பவரிடம் ‘பதற்றப்படாதீர்கள்’ என்று சொல்லி என்ன பயன்?

‘அமைதியின்மை’ இன்னும் மழுங்கலானது. நாட்டில் கலவரம் வந்தாலும் அமைதியின்மை, குடும்பத்தில் சண்டை என்றாலும் அமைதியின்மை. அதில் உடம்பு இல்லை, கால் இல்லை. அகதீசியாவின் பாதிக்கதை காலில் இருக்கிறது.

தனித்தமிழ் ஆர்வலர் சிலர் ‘அமரவியலாமை’ என்கிறார்கள். கிரேக்கச் சொல்லைப் பிரித்து, பகுதிக்குப் பகுதி தமிழ் வைத்தது. என் பெரிய சண்டை இதனோடுதான், ஏனென்றால் இது பார்வைக்குச் சரியாகத் தெரிகிறது. ‘இயலாமை’ என்று கேட்டதும் தமிழனுக்கு என்ன தோன்றும்? முடக்கம், பலவீனம், இடுப்பு வலி. அமரவியலாதவர் என்றால் முதுகு மடங்காதவர் என்றே படிப்பவர் எண்ணுவார். அகதீசியா உள்ளவரால் உட்கார முடியும். உட்கார்ந்தே இருக்கத்தான் முடியாது. எழத் தூண்டும் அந்த உந்துதல்தான் நோய்க்குறி. மருத்துவர் எதிரே சிறிது நேரம் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவரும் உண்டு. ‘அமர்ந்துதானே இருக்கிறார், அமரவியலாமை எப்படி?’ என்று கேட்டால் அந்தச் சொல்லிடம் பதில் இல்லை. பிறமொழிச் சொல்லின் எலும்பை எண்ணி அடுக்குவதைத் தூய்மை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தமிழ் வாயில் ஏற்கெனவே இருக்கும் சொல்லைத் தேடாமல் விட்டது சோம்பல்.

‘அகதீசியா’ என்றே எழுதினால் என்ன? மருத்துவர்களுக்குள் சரி. பொதுமக்களுக்கான தாளில் அது தனியே நின்றால் ‘அகதி’தான் கண்ணில் படும்.

சொல் நம்மிடம் இருக்கிறது: இருப்புக்கொள்ளாமை. ‘அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை’ என்று சொல்லாத தமிழர் உண்டா? ‘இரு’ என்பதற்கு உட்கார் என்றும் பொருள். இருக்கை, வீற்றிருத்தல் எல்லாம் அந்த வேரில் வந்தவை. திருமாலின் நின்ற, இருந்த, கிடந்த கோலங்கள் என்னும்போது ‘இருந்த’ என்பது அமர்ந்த கோலமே. ஆக கிரேக்கச் சொல்லின் உட்காருதலும் இதில் இருக்கிறது, அதில் இல்லாத ‘தரிக்க முடியாமை’யும் இருக்கிறது. அகதீசியாவின் கடுமையை அளக்க 1989இல் மனநல மருத்துவர் தாமஸ் பார்ன்ஸ் வகுத்த அளவுகோல் இரண்டையும் கேட்கிறது: வெளியே தெரியும் அசைவு, உள்ளே உணரும் தவிப்பு. இந்த ஒரே தமிழ்ச் சொல் இரண்டையும் சுமக்கிறது.

மகள் வீடு திரும்பும்வரை தாய்க்கும் இருப்புக் கொள்ளாதே, குழப்பம் வராதா என்பார்கள். அந்தத் தாய் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடக்கிறாள் அல்லவா? படம் அதேதான். வேறுபடுத்த வேண்டுமானால் ‘மருந்துவழி இருப்புக்கொள்ளாமை’ என்று எழுதலாம். தாய்க்குக் காரணம் தெரியும், மகள் வந்ததும் அடங்கும். இவருக்கு மருந்தைச் சரிசெய்தால்தான் அடங்கும்.

இதே மருந்துகளின் மற்றப் பக்கவிளைவுகளை எழுதும்போது மொழிபெயர்ப்பாளர்களுக்கு உள்ள வேறு சில பழக்கங்களையும் சொல்லவேண்டும். கழுத்து ஒருபுறம் இழுத்துக்கொண்டு, கண் மேலே செருகி நிற்பதைத் ‘தசைப்பிடிப்பு’ என்று எழுதுகிறார்கள். படிப்பவர் தைலம் தேய்த்துக்கொண்டு காத்திருப்பார். கடுங்காய்ச்சலோடு உடம்பு கட்டையாக விறைத்து நினைவு தடுமாறுவது உயிருக்கே ஆபத்து, உடனே அவசர சிகிச்சைக்குப் போகவேண்டியது. அதை ‘காய்ச்சல், விறைப்பு ஏற்படலாம்’ என்று மலச்சிக்கலுக்கும் வாய் உலர்வுக்கும் நடுவே செருகிவிடுகிறார்கள். கண்ணால் பார்ப்பதை அப்படியே எழுதினால் வீட்டிலிருப்பவர் அடையாளம் காண்பார். அகராதியைப் பார்த்து எழுதினால் காணமாட்டார்.

இருப்புக்கொள்ளாமைக்கு வழி உண்டு. மருத்துவர் அளவைக் குறைப்பார், வேறு மருந்துக்கு மாற்றுவார், தேவைப்பட்டால் ப்ரோப்ரனலால் சேர்ப்பார்; ஆஸ்துமா உள்ளவருக்கு அது ஆகாது என்பதால் முதலிலேயே சொல்லிவிடவேண்டும். மருந்துத்தாளில் இடம்பெற வேண்டிய வரியை நானே எழுதித் தருகிறேன்: ‘இந்த மருந்தைத் தொடங்கிய பிறகோ அளவை மாற்றிய பிறகோ ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாமல் நடந்துகொண்டே இருந்தாலோ, கால்கள் ஓயாமல் அசைந்தாலோ, மருந்தைத் தாமாக நிறுத்தாமல் அன்றே மருத்துவரிடம் சொல்லவும். கூடவே சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் நோயாளியைத் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும்.’