அட்வான்ஸ் போடுவதற்கு முன் ஆளைப் பாருங்கள்

"அண்ணே, மகளுக்குச் சடங்கு வச்சிருக்கோம். ஒரு பாட்டு குரூப் வேணும். எவ்வளவு எடுப்பாங்க?"

இலங்கை மலையகத்தில், ஹட்டனில் பதினேழு வருடமாக விழா ஏற்பாட்டு வேலை செய்கிறேன். எனக்கு வரும் அழைப்புகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் தொடங்கும். விலை கேட்பதில் பிழை ஒன்றும் இல்லை. பார்த்துப் பார்த்துச் செலவழிக்கிற சனம் நாம். ஆனால் நான் உடனே விலை சொல்வதில்லை. விழா டவுன் மண்டபத்திலா, தேயிலைத் தோட்டத்திலா? பகலா, இரவா? வருகிறவர்களில் இளவட்டம் அதிகமா, வயதானவர்கள் அதிகமா? இதெல்லாம் தெரியாமல் சொல்கிற விலை வெறும் எண்தான்.

கொட்டகலைப் பக்கம் ஓர் அறுபதாம் கலியாணம் நடந்தது. பிள்ளைகள் ஆசையாகக் கொழும்பிலிருந்து டீஜே கூட்டி வந்திருந்தார்கள். நல்ல பையன், நல்ல சாமான்கள். ஆனால் வந்திருந்த முக்கால்வாசிப் பேர் அப்பாவோடு தோட்டத்தில் வேலை செய்தவர்கள். அரை மணி நேரத்தில் எல்லோரும் கதிரையைத் தூக்கிக்கொண்டு வெளி வாசலுக்குப் போய்விட்டார்கள். உள்ளே வெறும் மண்டபத்தில் பாட்டு ஓடியது. அந்தப் பணத்தில் பாதிக்கு, பக்கத்துக் கோயில் பஜனைக் குழுவும் ஒரு ஹார்மோனியமும் கிடைத்திருக்கும். அப்பா அதைத்தான் விரும்பியிருப்பார் என்று பெரிய மகள் என்னிடம் பிறகு சொன்னாள். யாருக்காக விழா என்பதை முதலில் முடிவு செய்துவிட்டால், கலைஞரைத் தேடுவது பாதி வேலைதான்.

இப்போது தேடுவது என்றாலே பேஸ்புக், டிக்டொக். அதில்தான் பெரிய அடி விழுகிறது. என் சொந்தத் தங்கைக்கே விழுந்தது. மகளின் பிறந்தநாளுக்கு மெஜிக் செய்கிறவர் ஒருவரை பேஸ்புக்கில் பிடித்தாள். அழகான படங்கள், குறைந்த விலை, "இன்றைக்கே அட்வான்ஸ் போட்டால் தேதி உங்களுக்கு" என்ற அவசரம். பதினைந்தாயிரம் ரூபாய் போட்டாள். பிறந்தநாள் அன்று காலையிலிருந்து போன் ஓப். பிள்ளை கேட்டைப் பார்த்துக்கொண்டே நின்றது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பிறகு தேடிப் பார்த்தபோது, அந்தப் படங்கள் எல்லாம் வெளிநாட்டுக் கலைஞர் ஒருவருடையவை.

அன்றிலிருந்து எல்லோருக்கும் சொல்கிறேன். பேஸ்புக் பக்கம் எப்போது தொடங்கப்பட்டது, முன்பு வேறு பெயர் இருந்ததா என்பதை அந்தப் பக்கத்தின் விவரப் பகுதியிலேயே பார்க்கலாம். போன மாதம் தொடங்கிய பக்கத்தில் பத்து வருட அனுபவம் எழுதியிருந்தால் யோசியுங்கள். வீடியோ கோலில் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். வங்கிக் கணக்கின் பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றா என்று கேளுங்கள். உண்மையான கலைஞர் இதற்குக் கோபிக்க மாட்டார். கடைசியாக நிகழ்ச்சி செய்த இரண்டு மூன்று வீடுகளின் நம்பரை வாங்கி, நீங்களே பேசுங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுச் சும்மா இருக்காதீர்கள். பணம் போட்ட ரிசீட்டையும் வட்ஸ்அப் பேச்சையும் அழிக்காமல் எடுத்துக்கொண்டு போய்ப் பொலிஸில் முறைப்பாடு கொடுங்கள்.

இதையெல்லாம் விட நல்ல வழி ஒன்று இருக்கிறது: நேரில் போய்ப் பார்ப்பது. நம் பக்கத்தில் ஏதாவது ஒரு தோட்டத்தில் திருவிழா நடந்துகொண்டேதான் இருக்கும். அங்கே இசைக்குழு வரும், தப்பு என்கிற பறை மேளம் வரும், பிள்ளைகளின் கோலாட்டம் இருக்கும். மேடைக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் நின்று பார்த்தால், எந்த வீடியோவும் காட்டாததைக் காட்டும். பாடுகிறவர் உண்மையிலேயே பாடுகிறாரா, ட்ராக்குக்கு வாயசைக்கிறாரா? கரண்ட் போனால் கூட்டத்தை எப்படிப் பிடித்து வைக்கிறார்கள்? போதையில் யாராவது மேடையில் நிற்கிறார்களா? படத்தில் ஏழு பேர் இருந்து விழாவுக்கு நான்கு பேர் வருவதும் நடக்கும். எத்தனை பேர், கீபோர்ட் யார், ஒக்டபேட் என்கிற மின் டிரம் யார், பாடுவது யார் என்று பெயரோடு எழுதி வாங்கினால் அந்தப் பிரச்சினை இல்லை.

தப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

காலையில் தோட்டத்து சனத்தை வேலைக்குக் கூப்பிட அடித்ததும் தப்புதான். திருவிழாவுக்கும், மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்துக்கும், சாவுக்கும் அதே தப்புதான். ஆனால் அடி வேறு. சாமிக்கு ஓர் அடி, காமன் பொட்டலில் ஓர் அடி, இழவுக்கு ஓர் அடி. இது தெரியாமல்தான் சில வீடுகளில், "கலியாணத்துக்குத் தப்பு வேண்டாம், அது சாவு மேளம்" என்கிறார்கள். தெரிந்த கலைஞரிடம் என்ன விழா, எந்த நேரத்தில் அடிக்க வேண்டும் என்று சொன்னால் போதும். மாப்பிள்ளை அழைப்புக்கு அவர்கள் அடிக்கும் அடியில் எழுபது வயதுப் பாட்டிகளும் கால் தூக்குவதைப் பார்த்திருக்கிறேன். 2023-இல், மலையகத் தமிழர் இங்கே வந்து 200 வருடம் ஆன 'மலையகம் 200' நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபவனி போனார்களே, அந்த வருடம் தப்புக் குழு கேட்டு எனக்கு வந்த அளவு அழைப்புகள் அதற்கு முன் எந்த வருடமும் வந்ததில்லை. கேட்டவர்களில் பலர் கொழும்பில் வேலை செய்யும் நம் பிள்ளைகள்.

தப்புக் குழுவைக் கூப்பிடுகிறவர்கள் மறந்துவிடும் ஒன்று, நெருப்பு. தப்பின் தோல் ஈரத்தில் தொய்ந்துவிடும். நம் ஊர்ச் சாரலிலும் பனியிலும் சொல்லவே வேண்டாம். அடிப்பதற்கு முன்னும் இடையிலும் தீயில் காட்டி முறுக்கேற்ற வேண்டும். மண்டபக்காரர் உள்ளே தீ மூட்ட விடமாட்டார். வெளியே மழை படாத ஓர் ஓரம், கொஞ்சம் வைக்கோல் அல்லது பழைய பேப்பர், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். இதை முந்தின நாளே பேசி வைக்காவிட்டால், மாப்பிள்ளை வாசலில் நிற்கும்போது தப்பு 'தொப்பு தொப்பு' என்று கேட்கும். பழி கலைஞருக்குப் போகும். மாசியில் காமன் கம்பம் ஊன்றிவிட்டால் பல குழுக்கள் தங்கள் தோட்டத்தை விட்டு வரமாட்டார்கள். அந்த நாட்களில் விழா வைத்தால் வெகு முன்பே கேளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. இசைக்குழுவுக்கு மேசை போட்டுச் சாப்பாடு, தப்புக்காரர்களுக்குச் சமையலறைக்குப் பின்னால் இலை, கையில் ஒரு போத்தல், "மிச்சக் காசு நாளைக்கு". இதை நான் எத்தனையோ வீடுகளில் பார்த்துவிட்டேன். அவர்களும் தொழில் செய்ய வந்தவர்கள்தான். பேசிய காசைக் காசாகக் கொடுங்கள். எல்லோரோடும் உட்கார வைத்துச் சாப்பாடு போடுங்கள். சாராயத்தைச் சம்பளமாக நினைக்காதீர்கள். நான் பேசிக் கொடுக்கும் நிகழ்ச்சிகளில் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒத்துக்கொள்ளாத வீட்டுக்கு ஆள் அனுப்புவதில்லை.

அப்புறம் பாதை. நம் தோட்டங்களுக்கு இரண்டு பெயர். வரைபடத்தில் இருப்பது ஆங்கிலப் பெயர், நம் வாயில் வருவது தமிழ்ப் பெயர். கண்டியிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வரும் வேன்காரருக்குத் தமிழ்ப் பெயரைச் சொன்னால் அவர் எங்கோ போய் நிற்பார். தோட்டத்தின் மேல் பிரிவா (டிவிஷன்) கீழ் பிரிவா, வேன் எதுவரை ஏறும், அங்கிருந்து சவுண்ட் பொக்ஸைத் தூக்கிவர எத்தனை பேர் வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். வட்ஸ்அப்பில் லொக்கேஷன் அனுப்பி, வழியில் சிக்னல் இல்லாத இடம் இருந்தால் முன்கூட்டியே எச்சரியுங்கள். சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவத்தில், அதாவது டிசம்பர் போயாவிலிருந்து (பௌர்ணமி) மே மாத வெசாக் வரை, வார இறுதிகளில் ஹட்டன், மஸ்கெலியா பாதை நிரம்பி வழியும். ஏப்ரலில் நுவரெலியா சீசன். மே முதல் செப்டம்பர் வரை வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் மழை விடாது. திறந்தவெளியில் மேடை போட நினைத்தால், நனையாத இரண்டாவது இடம் ஒன்று கையில் இருக்க வேண்டும்.

கரண்ட் விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். ஒரே லைனில் சவுண்ட் செட், அலங்கார லைட், ரைஸ் குக்கர் எல்லாம் மாட்டினால் வோல்டேஜ் இறங்கி, கீபோர்ட் பாட்டின் நடுவில் அணைந்துவிடும். ஜெனரேட்டர் எடுத்தால் மழை வருகிறதென்று விறாந்தைக்குள் இழுத்து வைக்காதீர்கள். அதன் புகையில் உள்ள காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. குளிருக்குக் கதவு சாத்திய அறையில் தூங்கும் பிள்ளைகளைக் கொல்லக்கூடியது. தூரத்தில், வெளியில், மேலே தகரம் போட்டு வையுங்கள்.

ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி எடுக்க வேண்டும் என்பது பலருக்கு விழா அன்று பொலிஸ் வந்த பிறகுதான் ஞாபகம் வருகிறது. பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 80ஆம் பிரிவில் இது இருக்கிறது. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை ஒலிபெருக்கிக்கு வழமையாக அனுமதி கொடுக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் 2007-இல் சொல்லியிருக்கிறது. ஆகவே இசைக்குழுவோடு பேசும்போது எத்தனை மணிக்குத் தொடக்கம் என்பதை விட, எத்தனை மணிக்கு முடிவு என்பதை எழுதுங்கள். தோட்டத்தில் என்றால் தோட்டத்து மேனேஜரான துரையிடமும் கடிதம் வாங்கி வையுங்கள். சாதாரண தரம், உயர் தரம் பரீட்சை நேரமா என்று பாருங்கள். லயம் என்கிற வரிசை வீடுகளில் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு வீட்டுப் பிள்ளை படித்துக்கொண்டிருக்கும். பொக்ஸை லயத்துப் பக்கம் திருப்பாமல் தேயிலை மலைப் பக்கம் திருப்பச் சொன்னாலே சத்தம் கொஞ்சம் குறையும். கைக்குழந்தையோடு வந்தவர்களைப் பொக்ஸுக்கு முன்னால் உட்கார வைக்காதீர்கள். நிகழ்ச்சி இடங்களில் சராசரிச் சத்தம் 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட அளவுகோல் சொல்கிறது. அது பெரியவர்கள் போகும் இடங்களையும் சேர்த்துச் சொன்ன எல்லை. குழந்தையின் காதுக்கு அதுவே மிக அதிகம்.

பிள்ளைகளின் விழாவுக்குக் கோமாளியோ, கார்ட்டூன் வேஷக்காரரோ வந்தால் அவரது உண்மையான பெயரும் முகமும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எந்த விளையாட்டாக இருந்தாலும் பெரியவர் ஒருவர் கூடவே இருக்கட்டும். பிள்ளைகளின் படத்தைத் தன் பக்கத்தில் போட அவருக்கு அனுமதி உண்டா, இல்லையா என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள். எதிலாவது சந்தேகம் வந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929-க்கு அழைக்கலாம். மேலே பறக்கும் பலூனுக்குள் இருப்பது ஹீலியமா ஹைட்ரஜனா என்று கேட்டு வாங்குங்கள். ஹைட்ரஜன் தீப்பிடிக்கும், கேக் மெழுகுதிரி பக்கத்தில் இருக்கும்.

அட்வான்ஸாக நான் வாங்கிக் கொடுப்பது பேசிய தொகையில் கால் பங்கு, அதிகம் போனால் மூன்றில் ஒன்று. தேதி, இடம், நேரம், ஆட்கள், மொத்தக் காசு, மழை வந்தால் என்ன, விழா நின்றால் என்ன, எல்லாம் ஒரே தாளில். இரண்டு பக்கமும் கையெழுத்து, இல்லையென்றால் வட்ஸ்அப்பில் எழுதி இருவரும் "சரி" என்று போட்டால் போதும். மீதியை விழா முடிந்தவுடன், வேன் ஏறும் முன் கொடுத்துவிட வேண்டும்.

நடனம் ஆட வருகிற பெண்பிள்ளைகளுக்குத் தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை கொடுங்கள். மேடைக்கு ஏறி அவர்களோடு ஆட வருகிறவர்களைத் தடுக்க உங்கள் வீட்டு ஆண்கள் இருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். விழா முடிகிற ராத்திரி நேரத்தில் மேல் டிவிஷன்களுக்கு பஸ் கிடையாது. திரும்பிப் போகும் வாகனத்தையும் விழாச் செலவில் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கடைசி ஆள் வீடு போய்ச் சேர்ந்ததாகப் போன் வந்த பிறகுதான் நான் என் புத்தகத்தில் அந்த விழாவை முடிந்தது என்று எழுதுகிறேன்.