வயிற்றைத் திறக்காமல் பாதி ஈரல்

கறிக்கடையில் ஈரல் வாங்கியவர்களுக்குத் தெரியும்: கையில் நிற்காமல் வழுக்கும், கொஞ்சம் அழுத்தினாலே விரல் பதிந்துவிடும். நம் கல்லீரலும் கிட்டத்தட்ட அப்படித்தான். எடை சுமார் 1.5 கிலோ. நிமிடத்துக்கு ஏறக்குறைய 1.5 லிட்டர் ரத்தம் அதற்குள் பாய்கிறது. இதை உயிரோடு இருக்கும் ஒருவரின் வயிற்றுக்குள்ளேயே இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கைச் சேதமில்லாமல் வெளியே எடுக்க வேண்டும். அதுவும் எந்த நோயும் இல்லாத ஒருவரிடமிருந்து, இன்னொருவருக்குப் பொருத்துவதற்காக. இப்போது இந்த வேலையை ரோபோ வழியாகவும் செய்கிறார்கள்.

இந்தியாவில் கல்லீரல் மாற்று அறுவைகளில் பெரும்பாலானவை, உயிரோடு இருப்பவர் பங்கு கொடுக்கும் இந்த வகைதான். அப்பாவுக்கு மகன் கொடுப்பார், கணவருக்கு மனைவி கொடுப்பார். கொடுத்தவருக்கு மிச்சமிருக்கும் பங்கு வளர்ந்து ஈடுகட்டிவிடும். ஆனால் தழும்பு போகாது. வழக்கமான முறையில் விலா எலும்புக்குக் கீழே நீளமாகக் கீறி, வயிற்றுத் தசையையும் வெட்டித்தான் உள்ளே போவார்கள். அப்புறம் பல நாட்களுக்கு இருமினாலும் வலி, தும்மினாலும் வலி. ரோபோ என்றதும் எல்லோரும் நோயாளியைத்தான் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், அதனால் முதலில் பிழைத்தவர் கொடுப்பவர்தான்.

சர்ஜன் ஷெர்க்கியின் பாரிஸ் குழு, குழந்தைகளுக்காகப் பெற்றோரின் கல்லீரலிலிருந்து இடது ஓரத்துச் சிறு பங்கை லேப்ராஸ்கோப்பியில் (சிறு துளைகள் வழியே கேமராவும் கருவிகளும் விட்டுச் செய்யும் அறுவை) எடுத்ததை 2002இல் வெளியிட்டது. பெரியவருக்கு அது போதாது, வலது பாதியே வேண்டும். லேப்ராஸ்கோப்பிக் கருவிகளோ விறைப்பான நீளக் குச்சிகள். வளைந்து போய்த் தையல் போடுவது பெரும்பாடு. ரோபோவின் கருவி நுனியில் மணிக்கட்டு போல ஒரு மூட்டு இருக்கிறது. சிகாகோவில் சர்ஜன் ஜூலியானோட்டியின் குழு வலது பாதியை ரோபோ வழியே எடுத்ததை 2012இல் அறிவித்தது.

ரோபோ தானாக எதையும் வெட்டாது. சர்ஜன் சில அடி தள்ளி உட்கார்ந்து, பெரிதாக்கிய முப்பரிமாணக் காட்சியைப் பார்த்தபடி விரல்களை அசைக்கிறார். கை நடுக்கத்தை வடிகட்டிவிட்டு, அதே அசைவை இயந்திரக் கை உள்ளே செய்கிறது. கருவிகள் நுழையும் துளை ஒவ்வொன்றும் சுமார் 8 மில்லிமீட்டர்தான். வேலை செய்ய இடம் வேண்டுமே, அதற்காகக் கார்பன் டை ஆக்சைடை நிரப்பி வயிற்றை உப்ப வைக்கிறார்கள். அந்த அழுத்தம் சிறு ரத்தக் குழாய்களில் கசிவையும் குறைக்கிறது.

உண்மையான சோதனை பித்தக் குழாயை வெட்டும் இடத்தில் வருகிறது. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடப்பக்கம் தவறினால் கொடுப்பவரின் குழாய் சுருங்கிப்போகலாம். வலப்பக்கம் தவறினால் எடுத்த பங்கில் ஒரு வாய்க்குப் பதில் இரண்டு மூன்று வாய்கள். பெறுபவருக்கு ஒவ்வொன்றையும் தனியாகத் தைக்க வேண்டும். இங்கேதான் இண்டோசயனின் கிரீன் என்ற சாயம் கைகொடுக்கிறது. ரத்த நாளத்தில் ஊசியாகப் போட்டால் கல்லீரல் அதை உறிஞ்சிப் பித்தநீரோடு வெளியேற்றும். கேமராவை அகச்சிவப்புக்கு மாற்றியதும், கொழுப்புக்குள் மறைந்திருந்த குழாய் திரையில் பச்சைக் கிளை போல ஒளிரும். எங்கே பிரிகிறது என்று பார்த்து வெட்டலாம்.

பிரித்த பங்கைப் பையில் போட்டு, சிசேரியனுக்குக் கீறும் அதே இடத்தில், அடிவயிற்றில் கீறி எடுக்கிறார்கள். ரத்த ஓட்டம் நின்றபின் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. வெளியே பனிக்கட்டியும் குளிர்ந்த திரவமும் காத்திருக்கும்.

பெறுபவருக்கு ரோபோ இன்னும் அபூர்வம். சிரோசிஸ் வந்து, அதாவது தழும்பேறி இறுகிப்போன கல்லீரலைச் சுற்றி ரத்த நாளங்கள் புடைத்திருக்கும், ரத்தமும் சரியாக உறையாது. ஆனாலும் 2023இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸிலும் சவூதியின் ரியாத்திலும் புதிய கல்லீரலை ரோபோ வழியே பொருத்திக் காட்டினார்கள்.

ஒரு குறை உண்டு: பெரும்பாலான ரோபோக்களில் சர்ஜனுக்குத் தொடு உணர்வு கிடைக்காது. நூல் எவ்வளவு இறுகுகிறது என்பதைக் கண்ணால்தான் ஊகிக்க வேண்டும். பெரிய குழாய் கிழிந்து ரத்தம் பீறிட்டால் இயந்திரக் கைகளை விலக்கிவிட்டு வயிற்றைத் திறப்பதுதான் வழி. அதனால் ரோபோ ஓடிக்கொண்டிருக்கும்போதே, பழைய முறைக்கான கத்தியும் கிளாம்புகளும் பக்கத்து மேசையில் தயாராக இருக்கும்.