கமிட்மென்ட் என்றால் அர்ப்பணிப்பா?

வேலையிடத்தில் கிறிஸ்தவ விசுவாசம் பற்றித் தமிழில் எதை எடுத்துப் படித்தாலும் இரண்டு பத்திக்குள் 'அர்ப்பணிப்பு' வந்து உட்கார்ந்துவிடுகிறது. மூலத்தில் கமிட்மென்ட் என்று இருந்திருக்கும், வேறென்ன. அண்மையில் கண்ணில் பட்ட வாக்கியம் இது: 'விசுவாசி தன் அர்ப்பணிப்புகளை உரிய நேரத்தில் நிறைவேற்ற வேண்டும்.' அர்ப்பணிப்பை எப்படி ஐயா நிறைவேற்றுவது, அதுவும் உரிய நேரத்தில்? வெள்ளிக்கிழமை தருகிறேன் என்று சொன்னால் வெள்ளிக்கிழமை தர வேண்டும். எழுதியவர் சொல்லவந்தது அவ்வளவுதான்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். லத்தீன் 'கொம்மித்தேரே'யிலிருந்து வந்தது. 'கொம்' சேர்த்து, 'மித்தேரே' அனுப்புதல். ஒன்றை ஒருவர் கையில் ஒப்படைப்பது. பிறகு, தன்னைத்தானே ஒரு சொல்லுக்குக் கட்டுப்படுத்திக்கொள்வது என்ற பொருளும் சேர்ந்தது. இன்று ஆங்கிலத்தில் அது மனத்தின் ஈடுபாட்டையும் குறிக்கும், கொடுத்த வாக்கையும் குறிக்கும். நம் மொழிபெயர்ப்பாளர்கள் முதல் பொருளை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு இரண்டு இடத்திலும் அதையே ஒட்டுகிறார்கள்.

அர்ப்பணம் என்பது காணிக்கையாகப் படைப்பது. சபைத் தமிழில் அதற்கு 'ஒப்புக்கொடுத்தல்' என்ற நல்ல சொல் முன்பே உண்டு; ரோமர் 12:1இல் சரீரங்களை ஜீவபலியாக ஒப்புக்கொடுக்கச் சொல்கிறார் பவுல். அது தேவனுக்கு முன் நடக்கும் காரியம். மேலாளரிடம் 'புதன்கிழமைக்குள் கணக்கை முடித்துவிடுகிறேன்' என்பது ஒப்புக்கொடுத்தல் அல்ல, ஒப்புக்கொள்ளுதல். கொடுத்தலும் கொள்ளுதலும் ஒன்றா?

அர்ப்பணிப்பு வடசொல் என்பதற்காக நான் சண்டைக்கு வரவில்லை. 'வாக்கு' என்பதும் வடசொல்தானே. அர்ப்பணிப்புக்குக் கெடு இல்லை, அளவு இல்லை, எதிரே கணக்குக் கேட்கும் ஆளும் இல்லை என்பதுதான் என் குறை. வாக்கு என்றால் யாரிடம், எதை, எப்போதைக்குள் என்ற மூன்றும் வந்தாக வேண்டும். அர்ப்பணிப்புள்ள ஊழியர் இரவு வரை இருக்கையில் இருப்பார், எல்லாருக்காகவும் ஜெபிப்பார், முகம் கோணாமல் பேசுவார். புதன்கிழமை கணக்கு மட்டும் வராது. வியாழன் மதியம் கேட்டால், 'பிரதர், கொஞ்சம் ஜெபத்தில் வைத்துக்கொள்ளுங்கள்' என்பார். அவருடைய அர்ப்பணிப்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது. சொன்ன சொல் போய்விட்டது.

வேதம் இந்த விஷயத்தில் வழவழப்பாகப் பேசவில்லை. கர்த்தருடைய கூடாரத்தில் தங்குகிறவன் யார் என்று கேட்கும் 15ஆம் சங்கீதம், 'ஆணையிட்டதில் தனக்கு நஷ்டம் வந்தாலும் தவறாதிருக்கிறான்' என்று அடையாளம் சொல்கிறது. பிரசங்கி 5:4 'நீ நேர்ந்துகொண்டதைச் செய்' என்கிறது. ஆணையிட்டது, நேர்ந்துகொண்டது என்று வினையிலிருந்தே பெயர் பிறக்கிறது, கவனியுங்கள். செய்தவனும் அந்தச் சொல்லுக்குள்ளேயே நிற்கிறான். 'நேர்தல்' என்றால் உடன்படுதல். நேர்த்திக்கடனில் இருப்பதும் அதுதான். இவ்வளவு கையில் இருக்க, '-ப்பு' போட்ட தொழிற்பெயர் எதற்கு?

மேலே காட்டிய வசனங்கள் வரும் பழைய வேத மொழிபெயர்ப்பை மட்டும் புகழ்ந்துகொண்டிருக்கவும் எனக்கு மனமில்லை. மத்தேயு 5:37இல் அது 'உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்' என்கிறது. அழகான தமிழ், மறுப்பதற்கில்லை. ஆனால் கிரேக்க மூலத்தில் இருப்பது 'ஆம் ஆம், இல்லை இல்லை'. அங்கே பேச்சு ஆணையிடுவதைப் பற்றியது. உன் 'ஆம்' ஒன்றே போதுமானதாக இருக்கட்டும் என்பது கருத்து. 'உள்ளதை உள்ளதென்று' என்றதும் அது நடந்ததை மறைக்காமல் சொல்லும் புத்திமதியாகிவிட்டது. இனி செய்வதாகச் சொன்ன 'ஆம்' பின்னால் போய்விட்டது. 1995இல் வந்த புதிய வேத மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 'ஆம்', 'இல்லை' என்றே வைத்தது. இந்த ஒரு வசனத்தில் என் வாக்கு அதற்குத்தான்.

தனித்தமிழ் அன்பர்கள் 'கடப்பாடு' என்பார்கள். நல்ல சொல்தான், குறளிலேயே உண்டு. ஆனால் கடப்பாடு நாம் வாய் திறக்காவிட்டாலும் நம்மேல் இருப்பது. வாக்கு நாமாக வாய் திறந்து இழுத்துக்கொண்டது. 'வாய்மை' இன்னும் அகலமானது, புதன்கிழமைக் கணக்கைப் பிடிக்க அதைக் கொண்டுவர வேண்டாம். 'வாக்குத்தத்தம்' சொற்பொருளில் சரியாகவே பொருந்தும். தத்தம் என்றால் கொடுக்கப்பட்டது. ஆனால் சபையில் அது ஒருவழிப் பாதையாகிவிட்டது. கர்த்தர் நமக்குத் தந்தது மட்டுமே வாக்குத்தத்தம். நாம் பிறருக்குத் தந்ததற்கு அந்தச் சொல் வாயில் வருவதே இல்லை.

ஆகவே என் பரிந்துரை: மனநிலையைச் சொல்லும் இடத்தில் ஈடுபாடு. மற்ற இடங்களில் வாக்கு, சொன்ன சொல், ஒப்புக்கொண்ட வேலை. காக்கவும் தவறவும் மாறவும் தமிழில் வாக்குக்கு வினைகள் உண்டு. 'அர்ப்பணிப்புத் தவறினார்' என்று யாராவது சொல்வார்களா?

இன்னொன்றும் உறுத்துகிறது. அர்ப்பணிப்பு எப்போதும் கீழே இருப்பவரிடம் கேட்கப்படுகிறது. விசுவாசியான முதலாளியும் 'அர்ப்பணிப்போடு உழையுங்கள்' என்றுதான் பேசுவார். சம்பளத் தேதி தள்ளிப்போனால் 'ஆண்டவருக்குச் சித்தமானால் அடுத்த வாரம்' என்பார். அந்தச் சொற்றொடர் யாக்கோபு 4:15இல் வருகிறது, வியாபாரத் திட்டம் போட்டுப் பெருமை பேசுகிறவர்களைக் கண்டிக்கும் இடத்தில். சில வசனங்கள் தள்ளி 5:4இல் வயலை அறுத்தவர்களின் பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது. முதலாளி அந்த வசனம் வரைக்கும் வாசிப்பதில்லை போலும்.