மாட்டின் வாய்க்குள் கைவிடும் முன்

"டாக்டர், மாட்டுக்கு மேல்பல்லெல்லாம் கொட்டிப்போச்சு" என்று பதறி வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெரும்பாலும் புதிதாகப் பண்ணை தொடங்கியவர்கள். மாடு, எருமை, ஆடு எதற்குமே மேல்தாடையின் முன்பக்கம் பல் முளைப்பதில்லை; அங்கே கெட்டியான ஈறுதான். கீழே முன்வரிசையில் 8, கடைவாயில் மேலும் கீழுமாக 24, ஆக மாட்டுக்கு 32 பல். கீழ் முன்பற்கள் லேசாக ஆடினாலும் பயப்பட வேண்டாம், அவற்றின் அமைப்பே அப்படி.

சந்தையில் பார்ப்பது இந்த முன்பற்களைத்தான். நடுவிலுள்ள இரண்டு பால்பற்கள் விழுந்து அகலமான பற்கள் வந்தால் வயது ஏறக்குறைய 2. நாலு பல் என்றால் இரண்டரை, ஆறு பல் என்றால் மூன்றைத் தாண்டியது, எட்டும் சேர நாலாகும். எருமைக்கு இன்னும் தாமதம். "எட்டுப் பல்லுங்க" என்று தரகர் சொல்வது பொய்யில்லை. எட்டு வயது மாட்டுக்கும் எட்டுப் பல்தானே! அதன்பிறகு தேய்மானத்தை வைத்து ஊகிக்க வேண்டியதுதான். தர்மபுரி, கிருஷ்ணகிரி போல ஃப்ளோரைடு மிகுந்த தண்ணீர் உள்ள ஊர்களில் பல் கறைபட்டுச் சீக்கிரம் தேய்வதால் அந்த ஊகமும் தவறலாம்.

வயதில் ஏமாந்தால் பணம்தான் போகும். நான் பயப்படுவது வேறொன்றுக்கு. தீனி எடுக்காமல் எச்சில் ஒழுக நிற்கும் மாட்டைக் கண்டதும், "தொண்டையில என்னமோ அடைச்சிருக்கு" என்று வெறுங்கையை உள்ளே விட்டுத் துழாவுகிறார்கள். மாங்கொட்டை அடைப்பதும் உண்டு, கோமாரி நோயிலும் எச்சில் ஒழுகும். ஆனால் வெறிநோய் கண்ட மாடும் விழுங்க முடியாமல் இப்படித்தான் நிற்கும். குரல் மாறி விடாமல் கத்தலாம், முக்கலாம். வெறிநாய் கடித்து மாதங்கள் ஆகியிருக்கும். கடித்ததை யாரும் பார்த்திருக்கவும் மாட்டார்கள். கடைவாய்ப் பற்களின் ஓரமோ கத்தி. கையில் சிறு கீறல் விழுந்தாலும் போதும், எச்சிலில் உள்ள கிருமி உள்ளே போய்விடும்.

கையை விட்டுவிட்டீர்களா? சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய், மாட்டின் எச்சில் பட்டதைச் சொல்லி, ஊசியைத் தவணை விடாமல் போட்டுக்கொள்ளுங்கள். நோயின் அறிகுறி தெரிந்தபின் காப்பாற்ற அநேகமாக வழியில்லை. மாட்டைத் தனியே கட்டிவிட்டுக் கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள். அவர் வந்து பார்க்கும்வரை பால் கறக்க வேண்டாம்.