பத்திரத்தின் பின்பக்கத்தையும் படமெடுத்து அனுப்புங்கள்

இந்த மாதத்தில் இது நான்காவது. இங்கிலாந்தில் தன் குடும்ப வரலாற்றைத் தேடும் ஒருவர், 15-ஆம் நூற்றாண்டு லத்தீன் பத்திரம் ஒன்றைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். "முன்னோர் ஒருவர் புல்வெளியை விற்றிருக்கிறார், அப்படியும் 40 பவுண்டு கடன் நின்றிருக்கிறது, நொடித்துப்போன குடும்பம்" என்று கதையையும் அவரே எழுதி முடித்துவிட்டார். பின்பக்கம் எங்கே என்று கேட்டால், "அதில் ஏதோ கிறுக்கல்தான்" என்கிறார். அந்தக் கிறுக்கல்தாங்க விஷயமே.

அந்தக் காலத்துக் கடன் பத்திரத்தின் முன்பக்கத்தில் இருக்கும் தொகை பெரும்பாலும் கடன் தொகை இல்லை. இன்னொரு முறை சொல்கிறேன், இல்லை. அது சொன்ன சொல் தவறினால் கட்ட வேண்டிய அபராதம், வழக்கமாக உண்மைக் கடனைப் போல இரண்டு மடங்கு. செப்டம்பர் 29, அதாவது மிக்கேல்மஸ் பண்டிகைக்குள் 20 பவுண்டு கொடுத்துவிட்டால் இந்த 40 பவுண்டுப் பத்திரம் செல்லாது என்கிற மாதிரி நிபந்தனை பின்பக்கத்தில் இருக்கும், இல்லாவிட்டால் தனி ஒப்பந்தமாக இருக்கும். சில நேரம் கடனே இருக்காது, வேறொரு வாக்கைக் காப்பாற்றுவதற்குப் பிணையாக மட்டும் எழுதியிருப்பார்கள்.

நிலப் பத்திரத்திலும் இதே கூத்துதான். "அவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் என்றென்றைக்கும்" என்று எழுதியிருக்கும், சரி, விற்றாயிற்று என்று நினைப்பீர்கள். ஆனால் இன்ன தேதிக்குள் பணம் வந்தால் அந்தக் கிரயம் ரத்து என்று கூடவே இன்னொரு பத்திரம் எழுதியிருப்பார்கள். அது அடமானம். அந்த இரண்டாவது தோல் (அந்தப் பத்திரங்களைத் தோலில்தான் எழுதுவார்கள்) தொலைந்துபோனால் அடமானம் விற்பனையாகத் தெரியும். இதில், ஒரே தோலில் இரண்டு பிரதி எழுதி நடுவில் வளைத்து வளைத்து வெட்டிய விளிம்பை, கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்து மாட்டுவதற்காக நேராக நறுக்கிவிட்டு வந்தவரையும் பார்த்திருக்கிறேன். இரண்டு பாதியையும் சேர்த்துவைத்துச் சரிபார்க்கத்தானே அந்த வளைவு!

1285-ஆம் ஆண்டு வணிகர் சட்டப்படி பதிவான கடனில், கெடு தவறியவரின் நிலத்தை அதன் வருமானத்தில் கடன் தீரும்வரை கடன் கொடுத்தவர் வைத்துக்கொள்ளலாம். ஆகவே நிலம் கையில் இருந்தது என்பதாலேயே அவர் அதை வாங்கினார் என்று எழுதாதீர்கள். பத்திரத் தொகைகளில் வரும் "மார்க்" என்பது நாணயமே இல்லை, வெறும் கணக்கு: 13 ஷில்லிங் 4 பென்ஸ். அப்புறம், முத்திரை பிய்ந்து குறுக்கே கீறல் விழுந்த கடன் பத்திரத்தை உடனே "சேதம்" என்று குறிக்காதீர்கள். கடன் தீர்ந்ததும் அப்படிக் கீறித்தான் ரத்து செய்வார்கள்.

தயவுசெய்து முன், பின், நான்கு விளிம்பு, முத்திரை தொங்கும் பட்டை எல்லாவற்றையும் படமெடுங்கள். சேர்த்து மடித்தோ தைத்தோ வைத்திருப்பதைப் பிரிக்கவே பிரிக்காதீர்கள்.

அவருடைய பின்பக்கப் படம் நேற்று வந்தது. மூன்றே வரி. வாங்கியவர் புல்வெளியை எந்த வில்லங்கமும் இல்லாமல் அனுபவித்தால் பத்திரம் செல்லாதாம். கடனும் இல்லை, நொடித்துப்போகவும் இல்லை. அவருக்கு இன்னும் பதில் எழுதவில்லை, அந்தக் கதையை ஏற்கெனவே அச்சுக்குக் கொடுத்துவிட்டாராம்.