தீர்ப்பைச் சுருக்கும் ஏஐ எதை விட்டுவிடுகிறது?

தீர்ப்பின் பிடிஎஃப்பை ஏஐ செயலியில் போட்டு ‘எளிய தமிழில் சுருக்கு’ என்றால் ஒரு நிமிடத்துக்குள் பத்து வரி வந்துவிடும். தமிழும் நன்றாகவே இருக்கும். அந்தப் பத்து வரி வாட்ஸ்அப்பில் பரவி, அதை நம்பி ஒருவர் சொத்தில் பங்கு கேட்டு வழக்குப் போடக் கிளம்பும்போதுதான் சிக்கல் தெரியவரும்.

வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்ட் 11 அன்று அளித்த தீர்ப்பை எடுத்துக்கொள்வோம். ‘தந்தையின் சொத்தில் மகளுக்கும் சம பங்கு, 2005 செப்டம்பர் 9 அன்று தந்தை உயிரோடு இருந்திருக்கத் தேவையில்லை’ என்று சுருக்கம் வரும். பின்பாதி சரி. முன்பாதி ஆளைக் குழியில் தள்ளும். அந்தத் தேதி, மகளுக்கும் பிறப்பால் பங்குரிமை தந்த சட்டத்திருத்தம் அமலான நாள். தீர்ப்பு பேசுவது இந்துக் கூட்டுக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்தைப் பற்றி. தந்தை சுயமாகச் சம்பாதித்ததை அவர் யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம். 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவுப் பத்திரத்தாலோ நீதிமன்றத்தின் இறுதி டிக்ரியாலோ முடிந்துபோன பாகப்பிரிவினையையும் கிளற முடியாது. ‘அப்போதே வாய்மொழியாகப் பிரித்துவிட்டோம்’ என்று அண்ணன் தம்பிகள் சொன்னால் மட்டும் போதாது. அரசு ஆவணங்கள் துணைநிற்கும் அரிதான நிலையில்தான் அது எடுபடும். 1999-ல் பதிவான பாகப்பத்திரம் பீரோவில் இருக்கும் வீட்டில் விடையே மாறிவிடுகிறது. சுருக்கத்தில் இவற்றில் ஒன்றுகூட இல்லாமல் போகலாம். தீர்ப்பு முழுக்கத் திரும்பத் திரும்ப வருவது ‘சம பங்கு’. ‘ஆனால்’ என்று தொடங்கும் நிபந்தனையோ ஓரிரு இடத்தில்தான் வரும்.

அடுத்தது வாதம் தீர்ப்பாகிவிடுவது. நம் தீர்ப்புகளில் வழக்கின் வரலாறு, இருதரப்பு வாதம், முன்தீர்ப்புகள் எல்லாம் முடிந்த பிறகே முடிவு வரும். நீண்ட கோப்பைப் பல கருவிகள் துண்டுபோட்டுப் படிக்கின்றன. ‘மனுதாரர் தரப்பு வழக்கறிஞர் வாதிட்டதாவது’ என்பது ஒரு துண்டிலும், வாதம் அடுத்த துண்டிலும் விழுந்தால், தோற்றவர் சொன்னது நீதிமன்றம் சொன்னதாக வெளிவரும். மாறுபட்ட கருத்துடைய நீதிபதியின் பத்திகளுக்கும் இதே கதிதான்.

சட்டங்களில் வேறு வகை ஆபத்து. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2): அலட்சியமாக ஓட்டி ஆளைக் கொன்றுவிட்டு, போலீசுக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ உடனே தெரிவிக்காமல் தப்பியோடும் ஓட்டுநருக்குப் பத்தாண்டு வரை சிறை. சட்டப் புத்தகத்தில் வரி இருக்கிறது. ஆனால் 2024 ஜூலை 1 முதல் சட்டத்தை அமலாக்கிய அறிவிக்கை இந்த உட்பிரிவை விலக்கி வைத்தது. சட்ட வாசகத்தை மட்டும் படிக்கும் கருவிக்கு அது எப்படித் தெரியும்? எண் குழப்பமும் உண்டு. பழைய தண்டனைச் சட்டத்தில் 302 கொலை. புதிய சட்டத்தில் கொலைக்கு 103, 302 என்பது மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சு.

மொழிபெயர்ப்புக்கென்றே உச்ச நீதிமன்றம் 2019-ல் ‘சுவாஸ்’ மென்பொருளைக் கொண்டுவந்தது. இருந்தும், மேல்முறையீட்டுக்கு அனுமதி என்று பொருள்படும் ‘லீவ் கிராண்டட்’ இந்தியில் ‘விடுமுறை வழங்கப்பட்டது’ என்று வந்ததை அப்போது உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த பி.ஆர்.கவாயே எடுத்துச் சொல்லியிருக்கிறார். மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் ஆங்கில மூலமே அதிகாரபூர்வமானது.

ஆகவே, சுருக்கி வெளியிடுபவர்கள் இந்த ஒழுங்கில் போவது நல்லது. தீர்ப்பை உச்ச நீதிமன்றத்தின் இ-எஸ்சிஆர் தளத்திலிருந்தும், சட்டத்தை மத்திய அரசின் இந்தியா கோடு தளத்திலிருந்தும் எடுங்கள். முதலில் கடைசிப் பத்திகளை நீங்களே படித்து, யார் வென்றார், என்ன உத்தரவு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கருவியிடம் ஒவ்வொரு வரிக்கும் பத்தி எண் கேளுங்கள். எண் தராத வரியை நீக்குங்கள், தந்த எண்ணைத் திறந்து பாருங்கள். ஏனென்றால் எண்ணையும் அது புனைந்து தரும். நிபந்தனைகள், விதிவிலக்குகள், தேதிகள் ஆகியவற்றை மட்டும் தனியாக இன்னொரு முறை கேட்டு வாங்குங்கள். ‘உட்பட்டு’, ‘எது எவ்வாறிருப்பினும்’ ஆகிய இரண்டும் இடம் மாறியிருக்கிறதா என்று மூலத்தோடு ஒப்பிடுங்கள். மாறினால் எந்தப் பிரிவு எதை வெல்லும் என்பதே தலைகீழாகிவிடும்.

பாலியல் குற்ற வழக்கென்றால் பாதிக்கப்பட்டவரின் பெயரோடு ஊர், பள்ளி, உறவுமுறை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவின்படி இரண்டாண்டு வரை சிறைக்குரிய குற்றம். தீர்ப்பில் தப்பித்தவறி இருக்கும் ஒரு விவரத்தைக் கருவி அப்படியே சுருக்கத்துக்குத் தூக்கி வந்துவிடும்.