குழந்தையின் கல்லீரலில் சத்தமின்றித் தங்கும் ஹெபடைடிஸ் கிருமி

குடலிறக்க அறுவை சிகிச்சைக்கு முன் வழக்கமாக எடுக்கும் இரத்தப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் பி இருப்பதாகத் தெரியவந்ததால், ஏழு வயதுச் சிறுவன் ஒருவனை அவனுடைய தாய் என்னிடம் அழைத்து வந்தார். பசி, தூக்கம், எடை, உயரம் எதிலும் குறையில்லை. மஞ்சள் காமாலை ஒருமுறைகூட வந்ததில்லை. "அறிக்கை மாறிப்போயிருக்கும் டாக்டர், இன்னொரு தடவை எடுத்துப் பார்த்துவிடலாமா?" என்று கேட்டார். மறுபடி எடுத்தோம்; முடிவு மாறவில்லை. பிறகு தாயின் இரத்தத்தையும் பரிசோதித்தபோது அவருக்கும் அதே தொற்று இருந்தது. பிரசவத்தின்போது அது மகனுக்கு வந்திருக்க வேண்டும் என்பதை அவரிடம் சொல்ல நேர்ந்த அந்தச் சில நிமிடங்கள் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன. தெரியாமல் நேர்ந்ததற்கு அவர் குற்றவாளி ஆக மாட்டார் என்று பலமுறை சொல்ல வேண்டியிருந்தது.

ஹெபடைடிஸ் பி பெரியவர்களுக்குத் தொற்றும்போது, காமாலை, வாந்தி, அசதி என்று சிலரைப் படுக்க வைத்தாலும், நூற்றில் 95 பேருக்கு மேல் தானாகவே உடலை விட்டு நீங்கிவிடுகிறது. பிறக்கும்போதே தொற்றினால் நிலைமை தலைகீழ். அத்தகைய குழந்தைகளில் நூற்றுக்குச் சுமார் 90 பேருக்கு எந்த அறிகுறியும் இல்லாமல் அது நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. இதற்குக் காரணம், இந்தக் கிருமி கல்லீரல் செல்லை நேரடியாகக் கொல்வதில்லை என்பதுதான். கிருமி புகுந்த செல்லை நம்முடைய நோய் எதிர்ப்புச் சக்தி தேடிப்பிடித்துத் தாக்குவதால்தான் கல்லீரல் புண்படுகிறது. பச்சிளங்குழந்தையின் எதிர்ப்புச் சக்தியோ இந்தக் கிருமியை அந்நியமாக அடையாளம் காணாமல் விட்டுவிடுகிறது. ஒரு மில்லி இரத்தத்தில் கோடிக்கணக்கில் கிருமி இருந்தும், குழந்தை ஓடியாடி விளையாடுவதற்கும் கல்லீரல் நொதிகள் இயல்பாக இருப்பதற்கும் இதுவே காரணம்.

'இயல்பு' என்ற சொல்லைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கல்லீரல் செல்கள் சேதமடையும்போது இரத்தத்தில் கூடும் எஸ்ஜிபிடி என்ற நொதிக்குப் பல ஆய்வகங்கள் 40 அல்லது அதற்கு மேற்பட்ட எண்ணை உச்ச வரம்பாக அச்சிடுகின்றன. அது பெரும்பாலும் பெரியவர்களுக்கு வகுத்த அளவு. ஆரோக்கியமான ஆண் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய 26, பெண் பிள்ளைகளுக்கு 22 என்பதே பொருத்தமான வரம்பு என்று குழந்தைகளிடம் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எனவே, 38 என்று வந்த அறிக்கையில் நட்சத்திரக் குறி இல்லை என்பதற்காக அதை மடித்துப் பெட்டியில் வைத்துவிடுவது சரியாகாது. மூன்று ஆண்டுகள் தொடர்ந்து அப்படி 'நார்மல்' என்று திருப்பி அனுப்பப்பட்ட ஒரு சிறுமியைப் பார்த்திருக்கிறேன். என்னிடம் வந்தபோது அவளுடைய கல்லீரலில் தழும்பு தொடங்கியிருந்தது.

இந்த அமைதி என்றைக்கும் நீடிப்பதில்லை. சிலருக்குச் சிறு வயதிலேயும், பலருக்குப் பதின்ம வயதிலோ அதற்குப் பின்னரோ, எதிர்ப்புச் சக்தி விழித்துக்கொண்டு தாக்கத் தொடங்கும். அப்போது எஸ்ஜிபிடி ஏறும். தாக்குதல் சில மாதங்களில் முடிந்து கிருமியின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிட்டால், பெரிய சேதமின்றிக் கல்லீரல் தப்பித்துவிடும். வெற்றியும் தோல்வியும் இல்லாமல் அது ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டே போனால்தான் ஆபத்து. செல்கள் மாண்ட இடங்களில், கல்லீரலுக்குள் சும்மா இருந்த நட்சத்திர வடிவச் செல்கள் தூண்டப்பட்டு நார்களைச் சுரக்கின்றன. தோலில் ஆறிய காயம் தழும்பாவதைப் போன்றதுதான் இதுவும். தழும்பு மெல்லப் பரவி, கல்லீரல் முடிச்சு முடிச்சாகச் சுருங்கும் நிலையைத்தான் சிரோசிஸ் என்கிறோம். இரத்தம் அதன் வழியே தாராளமாகச் செல்ல முடியாமல் பின்வாங்கும், மண்ணீரல் வீங்கும், இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறையும். இடது விலா எலும்புகளுக்குக் கீழே கையை வைத்து, குழந்தையை மூச்சை இழுக்கச் சொல்லும்போது, விரல் நுனியில் மண்ணீரலின் ஓரம் வந்து முட்டினால், நோய் நெடுந்தூரம் வந்துவிட்டது என்று புரிந்துவிடும்.

குழந்தைப் பருவத்திலேயே சிரோசிஸ் வரை போகிறவர்கள் மிகக் குறைவு. பெற்றோர் இதைக் கேட்டு மனம் உடைந்துவிட வேண்டாம். ஆனால் சிறு வயதில் தொற்றி நிலைத்துவிட்டவர்களில், கவனிப்பு இல்லாவிட்டால், நூற்றுக்கு 15 முதல் 25 பேர் வரை பிற்காலத்தில் சிரோசிஸாலோ கல்லீரல் புற்றுநோயாலோ இறக்க நேரிடுகிறது. ஹெபடைடிஸ் பி தன் மரபுப்பொருளை நம் செல்லின் மரபுப்பொருளுக்குள்ளேயே செருகிவிடக் கூடியது என்பதால், சிரோசிஸ் இல்லாமலும் புற்றுநோய் வரலாம். இரத்தப் பரிசோதனையோடு நின்றுவிடாமல் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் குறிப்பிட்ட இடைவெளியில் வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

ஹெபடைடிஸ் சி வேறு வகை. தாயிடமிருந்து குழந்தைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்குச் சுமார் 5தான். கிருமிக்கு எதிராகத் தாயின் உடல் உருவாக்கிய எதிர்ப்பொருள் குழந்தையின் இரத்தத்தில் 18 மாதம் வரை இருக்கும் என்பதால், அதற்கு முன் எதிர்ப்பொருள் சோதனையை மட்டும் நம்பிக் குழந்தைக்கு நோய் என்று முடிவு செய்யக் கூடாது. கணிசமான குழந்தைகளுக்கு முதல் சில ஆண்டுகளில் தானாகவே நீங்கிவிடுகிறது. நீங்காதவர்களுக்கு மூன்று வயதிலிருந்தே, பெரும்பாலும் 8 முதல் 12 வாரங்கள் வாய்வழி மருந்து கொடுத்து, நூற்றுக்கு 95க்கு மேல் குணமாக்க முடிகிறது. வளர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவதற்கு இனி எந்தக் காரணமும் இல்லை என்பது என் கருத்து.

பி வகைக்கு அப்படி முழுமையாகத் துடைத்தெறியும் மருந்து இல்லை. செல்லின் உட்கருவில் அது பதுங்கிவிடுகிறது. என்டெகாவிர், டெனோஃபோவிர் போன்றவை பெருக்கத்தை அடக்கி வைக்கும். அமைதிக் கட்டத்தில் உள்ள பெரும்பாலான குழந்தைகளுக்கு அவற்றை உடனே தொடங்குவதில்லை. "மருந்தே எழுதாத டாக்டரிடம் எதற்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வர வேண்டும்?" என்று ஒரு தந்தை கேட்டார். மருந்து தொடங்க வேண்டிய தருணம் வலியோ காய்ச்சலோ காட்டி அறிவித்துக்கொண்டு வராது. எண்களைத் தொடர்ந்து பார்த்து வருபவருக்கு மட்டுமே அது தெரியும். வேறு நோய்க்காக ஸ்டீராய்டோ புற்றுநோய் மருந்தோ கொடுக்கப்படுமானால், இந்தத் தொற்று இருப்பதை அந்த மருத்துவரிடம் கட்டாயம் சொல்லிவிடுங்கள். அவை எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பதால், அடங்கியிருந்த கிருமி அப்போது கடுமையாகக் கிளம்பக்கூடும்.

வீட்டில் இந்தக் குழந்தைக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர் ஒதுக்குவதைக் காணும்போது மனம் கனக்கிறது. சேர்ந்து உண்பதாலோ அணைப்பதாலோ இது பரவாது. பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி, சவரக் கத்தி ஆகியவற்றைப் பகிராமல், வீட்டில் உள்ள மற்றவர்கள் பரிசோதித்துத் தடுப்பூசி போட்டுக்கொண்டால் போதுமானது.

முதலில் சொன்ன சிறுவனின் தாய் பின்னர் மீண்டும் கருவுற்றார். இரத்தத்தில் கிருமியின் அளவு மில்லிக்கு 2 லட்சம் அலகுகளுக்கு மேல் இருந்ததால், 28ஆவது வாரத்தில் டெனோஃபோவிர் தொடங்கப்பட்டது. குழந்தை பிறந்த 12 மணி நேரத்துக்குள் தடுப்பூசியும், தயார்நிலை எதிர்ப்பொருளான இம்யூனோகுளோபுலினும் போடப்பட்டன. தாய்ப்பாலும் தடையின்றிக் கொடுக்கப்பட்டது. பத்தாவது மாதத்தில் செய்த பரிசோதனையில் அந்தப் பெண் குழந்தைக்குத் தொற்று இல்லை. பாதுகாப்பு எதிர்ப்பொருள் நன்றாக உருவாகியிருந்தது. அண்ணனுக்கு இப்போது பதினாறு வயது. அறிக்கைகள் அடுக்கிய கோப்பை அவனே எடுத்துக்கொண்டு வருகிறான். ஒன்பது ஆண்டுகளாக 25ஐத் தாண்டாத அவனது எஸ்ஜிபிடி சென்ற முறை 71 என்று வந்தது. மூன்று மாதத்தில் மறுபடி பார்க்கிறோம்.